தேன்: மில்லியா, கிராமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் தேனும் கருப்பட்டியும் விற்கிற சின்னக் கடை எங்களுடையது. விலைக்கு அடுத்தபடியாக வாடிக்கையாளர்கள் கேட்பது அளவுதான். குறிப்பில் கிராம் போட்டிருக்கும், வீட்டில் கரண்டிதான் இருக்கும். இல்லையென்றால் குறிப்பில் கப் போட்டிருக்கும், கையில் கிலோ பாட்டில் இருக்கும். கல்லாவில் நின்றுகொண்டு வாயால் சொன்னால் வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடுகிறது என்பதால் எழுதி வைத்திருக்கிறோம். அவசரத்துக்கு எண் மட்டும் வேண்டுமென்றால் முதல் இரண்டு பதில்கள் போதும்.

ஒரு லிட்டர் தேன் எத்தனை கிலோ?

ஏறக்குறைய 1 கிலோ 420 கிராம். தண்ணீர் ஒரு மில்லி ஒரு கிராம் இருக்கும். தேன் ஒரு மில்லி 1.42 கிராம் இருக்கும்.

பூவிலிருந்து வரும்போது அது தண்ணீராகத்தான் இருக்கும். கூட்டுக்குள் தேனீக்கள் சிறகால் விசிறி விசிறி அந்த நீரை வற்ற வைத்து, ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிவிடுகின்றன. மீதி கிட்டத்தட்ட எல்லாமே சர்க்கரைச் சத்து. அதனால்தான் அந்தக் கனம்.

வீசைக் கணக்குத் தெரிந்த பெரியவர்களுக்கு இன்னொரு வழி: 40 பலம் கொண்ட பழைய வீசை 1.4 கிலோ. ஒரு லிட்டர் தேன் ஒரு வீசை என்று நினைவில் வைத்துக்கொண்டால் தப்பு வராது.

கரண்டிக்கும் கப்புக்கும் கணக்கு சொல்லுங்கள்.

தேக்கரண்டி (5 மில்லி): 7 கிராம்
மேசைக்கரண்டி (15 மில்லி): 21 கிராம்
கால் கப் (60 மில்லி): 85 கிராம்
அரைக் கப் (120 மில்லி): 170 கிராம்
முக்கால் கப் (180 மில்லி): 255 கிராம்
ஒரு கப் (240 மில்லி): 340 கிராம்
ஒரு கப் (250 மில்லி): 355 கிராம்

திருப்பிப் பார்த்தால் 100 கிராம் தேன் 70 மில்லி, கால் கிலோ 176 மில்லி, அரைக் கிலோ 352 மில்லி, ஒரு கிலோ 704 மில்லி.

இத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பத்து மில்லிக்குப் பதினாலு கிராம், பத்து கிராமுக்கு ஏழு மில்லி. இந்த இரண்டு மட்டும் போதும், அடுப்படியில் நின்றே கணக்குப் போட்டுவிடலாம்.

எங்கள் வீட்டு எவர்சில்வர் கரண்டியும் இதே அளவுதானா?

பெரும்பாலும் இல்லை. சாப்பிடுகிற கரண்டி கடைக்குக் கடை மாறும். அளவுக் கரண்டி என்று தனியாக விற்கிற செட்டில்தான் 5, 15 என்று அச்சிட்டிருக்கும். அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. தண்ணீரைக் கரண்டியில் ஊற்றினால் விளிம்போடு நின்றுவிடும், அதற்கு மேல் ஊற்றினால் வழிந்துவிடும். தேன் அப்படி உடனே வழியாது, விளிம்புக்கு மேல் குமிழாக எழும்பி நிற்கும். அந்தக் குமிழோடு சேர்த்துக் கவிழ்த்தால் 21 கிராம் என்று நினைத்தது 25 கிராமையும் தாண்டும். ஒரு கரண்டிக்குப் பரவாயில்லை. ஆறு கரண்டி போடுகிற பலகாரத்தில் மாவு இளகிவிடும்.

வீட்டில் குழந்தைகளுக்கான மருந்துப் பாட்டில் மூடி கிடக்கிறதா பாருங்கள். 2.5, 5, 10 என்று கோடு போட்ட அந்தப் பிளாஸ்டிக் மூடியைக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொண்டால், அதைவிட நல்ல சிறிய அளவை கிடைக்காது.

யூடியூபில் "ஒரு கப் தேன்" என்கிறார்கள். எந்தக் கப்?

யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்கக் குறிப்பு என்றால் 240 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியக் குறிப்பு என்றால் 250 மில்லி. அவர்களுடைய மேசைக்கரண்டியும் 20 மில்லி, அதில் தேன் 28 கிராம் வரும். ரைஸ் குக்கரோடு கொடுக்கிற கப் 180 மில்லி, அதில் தேன் 255 கிராம்.

நம்மூர்ச் சமையல்காரர்கள் கப் என்று காட்டுவது பெரும்பாலும் கையில் அகப்பட்ட டம்ளர்தான். அதில் குற்றமில்லை. மாவு, நெய், தேன் எல்லாவற்றையும் அதே டம்ளரால் அளந்திருந்தால் நீங்களும் உங்கள் டம்ளர் ஒன்றை எடுத்து அப்படியே அளந்துவிடுங்கள். விகிதம் கெடாது, கிராமுக்கு மாற்ற வேண்டிய வேலையும் இல்லை. மாவைக் கிராமில் சொல்லிவிட்டுத் தேனைக் கப்பில் சொல்கிற குறிப்புதான் ஆளைக் கவிழ்க்கும்.

என் டம்ளரில் எவ்வளவு பிடிக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காலி டம்ளரைத் தராசில் வைத்துச் சுழியம் ஆக்குங்கள். நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டுகிற கிராம்தான் அந்த டம்ளரின் மில்லி. 170 என்று காட்டினால் அதில் தேன் 170 × 1.42, அதாவது 241 கிராம் பிடிக்கும். ஒரு தடவை பார்த்து டம்ளரின் அடியில் பெயிண்டால் எழுதி வைத்துவிடுங்கள், காலத்துக்கும் உதவும்.

எங்கள் ஆச்சி நோட்டில் "தேன் 2 பலம்" என்றும் "ஆழாக்கு தேன்" என்றும் இருக்கிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

பலம் எடைக் கணக்கு, அதனால் சுலபம். ஒரு பலம் 35 கிராம். தேனில் அது 25 மில்லி, அதாவது ஐந்து தேக்கரண்டி. இரண்டு பலம் என்றால் 70 கிராம், பத்துத் தேக்கரண்டி. தோலா என்று எழுதியிருந்தால் மூன்று தோலா ஒரு பலம்.

ஆழாக்கு அளவைக் கணக்கு. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி என்பது வாய்ப்பாடு. ஆனால் படியே ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. ஆச்சி புழங்கிய ஆழாக்கு பரணில் இருந்தால் இறக்கித் தண்ணீர் ஊற்றி எடை போடுங்கள், அதுதான் சரியான விடை. புத்தகத்தைப் பார்த்து எண்ணைப் போட்டால் அது வேறு ஊர் ஆழாக்காக இருந்துவிடும்.

நோட்டில் இருப்பது லேகியக் குறிப்பு என்றால் மட்டும் எங்கள் கணக்கை நம்பிக் கிளற வேண்டாம். சித்த மருத்துவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

என் எலக்ட்ரானிக் தராசிலேயே மில்லி என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் போதாதா, அண்ணாச்சி?

போதாது. அந்தப் பொத்தானுக்குத் தட்டில் இருப்பது தேனா தண்ணீரா என்று தெரியாது. கிராமைத் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டு அதே எண்ணை மில்லி என்று காட்டும். சில தராசில் பாலுக்குத் தனியாக ஒரு குறி இருக்கும். 100 மில்லி வரும்வரை தேன் ஊற்றினால் உண்மையில் பாத்திரத்தில் 70 மில்லிதான் இருக்கும். தேனுக்கு அந்தப் பொத்தானை மறந்துவிட்டுக் கிராமிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அளந்த தேனில் பாதி கப்பிலேயே ஒட்டிக்கொள்கிறதே?

பாதி ஒட்டாது, ஆனாலும் எரிச்சல்தான். மூன்று வழி இருக்கிறது.

குறிப்பில் எண்ணெயோ நெய்யோ இருந்தால் அதை முதலில் அளந்துவிட்டு, அதே கரண்டியில் தேனை அளங்கள். வழுக்கிக்கொண்டு வந்துவிடும். எண்ணெய் இல்லாத பண்டம் என்றால் கரண்டியை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டு அளங்கள்.

மூன்றாவது வழிதான் எங்களுக்குப் பிடித்தது. தேன் பாட்டிலையே தராசில் வையுங்கள். சுழியம் ஆக்குங்கள். பாட்டிலை எடுத்து மாவில் நேராக ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். தராசு 85 குறைவு என்று காட்டினால் 85 கிராம் மாவுக்குள் போயிருக்கிறது என்று பொருள். கரண்டியும் வேண்டாம், கப்பும் வேண்டாம், கழுவுகிற வேலையும் மிச்சம். விளிம்பில் வழிந்ததை விரலால் வழித்து நக்குவதற்கு முன்னால் எடை பார்த்துவிடுங்கள், அவ்வளவுதான்.

எல்லாத் தேனும் ஒரே எடையா? மலைத்தேன் கனம் என்கிறார்களே.

எடையைத் தீர்மானிப்பது தேனில் இருக்கிற தண்ணீர். நீர் 17 சதவீதம் இருந்தால் ஒரு லிட்டர் 1.42 கிலோ. 20 சதவீதம் என்றால் 1.40 கிலோ. 25 சதவீதம் வரை போனால் 1.37 கிலோ அளவுக்கு இறங்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் தேனில் நீர் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று வைத்திருக்கிறது.

எங்கள் பக்கம் கிடைக்கிற தேனை எடுத்துக்கொள்ளுங்கள். பாறையிலும் உயர்ந்த மரத்திலும் ஒற்றை அடையாகத் தொங்குவது பெருந்தேனீ கட்டுகிற மலைத்தேன். பாபநாசத்துக்கு மேலே காரையாறு, சேர்வலாறு பக்கத்துக் காணி மக்கள் தலைமுறை தலைமுறையாக எடுத்து வருவது. மரப்பொந்திலும் பெட்டியிலும் அடுக்கடுக்காக அடை கட்டுவது இந்தியத் தேனீ. வேலியிலும் புதரிலும் கை அகல அடை வைப்பது கொம்புத் தேன். சுவர் ஓட்டையில் இருக்கிற கொடுக்கில்லாத பூச்சி தருவது கொசுத்தேன். தேரிக்காட்டு ஓரம் திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து முருங்கைத் தோட்டங்களில் பெட்டி வைத்தால் முருங்கைப் பூவின் தேன் வரும். தெற்கே மார்த்தாண்டத்துத் தேன் பெரும்பாலும் ரப்பர் மரத்தின் தளிரிலிருந்து சுரக்கிறது. அந்தத் தேனுக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

இதில் கொசுத்தேன்தான் எல்லாவற்றிலும் இளக்கம். நீர் தாராளமாக இருக்கும், புளிப்பும் லேசாகத் தெரியும். மலைத்தேனும் பல நேரம் இளக்கமாகத்தான் வரும், முக்கியமாக மழைக்காலத்தில் எடுத்தது. ஆகவே மலைத்தேன் என்றாலே கனம் என்பது சரியில்லை. தேனீக்களே மெழுகால் மூடி போட்டு அடைத்த அடையின் அறையிலிருந்து, வெயில் காலத்தில் எடுத்த தேன் எந்தத் தேனீயுடையதாக இருந்தாலும் கனமாக இருக்கும்.

இவ்வளவு சொன்னாலும் சமையலுக்கு இது பெரிய விஷயமில்லை. ஒரு மேசைக்கரண்டியில் 1.42க்கும் 1.37க்கும் இடையே வித்தியாசம் முக்கால் கிராம்தான். கொசுத்தேன் தவிர மற்ற எதற்கும் அட்டவணையை அப்படியே நம்பலாம். கொசுத்தேனை எடை போட்டே எடுங்கள். அது விற்கிற விலைக்கு யாரும் மாவில் கொட்டப் போவதில்லை என்பது வேறு கதை.

குற்றாலத்தில் ஒரு பாட்டில் வாங்கினோம். ஒரு லிட்டர் என்று சொன்னார்கள். எடை போட்டால் ஒரு கிலோதான் இருக்கிறது. ஏமாந்துவிட்டோமா?

லிட்டர் என்று விலை பேசி, லிட்டருக்குக் காசு கொடுத்திருந்தால், ஆமாம். ஒரு கிலோ தேன் 704 மில்லிதான்.

சாரல் சீசனில் சாலையோரம் விற்பது பெரும்பாலும் பழைய மது பாட்டிலில். அதன் அளவுகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: 750, 375, 180 மில்லி. 750 மில்லி பாட்டிலில் சொன்ன அளவுக்கு நிரப்பினால் தேன் 1 கிலோ 65 கிராம். கழுத்துக்குக் கீழே நிறுத்தினால் சரியாக ஒரு கிலோ. தேன்காரர்கள் பரம்பரையாக அந்தப் பாட்டிலைத் தேடிப் பிடிப்பதும் இதனால்தான். 375 மில்லியில் 530 கிராம், 180 மில்லியில் 255 கிராம். கண்ணால் பார்த்தே எடை சொல்லிவிடலாம்.

பேச்சில்தான் குழப்பம் நடக்கிறது. "லிட்டர் இவ்வளவு" என்பார்கள், முழுப் பாட்டிலைத் தருவார்கள். முழுப் பாட்டில் முக்கால் லிட்டர்தான். கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் உண்மையான லிட்டர் 852 ரூபாய். அதே 600 ரூபாய்க்கு ஒரு லிட்டர் தருகிறேன் என்று யாராவது சொன்னால், ஒன்று லிட்டர் அளவு பொய், இல்லையென்றால் தேன் பொய். விலை கேட்கும்போதே "கிலோ என்ன விலை?" என்று கேட்டுவிடுங்கள். கண்ணெதிரே காலிப் பாட்டிலை எடை போட்டு, பிறகு நிரப்பித் தரச் சொல்லுங்கள். நல்ல வியாபாரி கோபித்துக்கொள்ள மாட்டார்.

கண்ணாடிப் பாட்டில் நல்ல கனம் என்பதையும் மறக்க வேண்டாம். வீட்டில் வந்து பாட்டிலோடு தூக்கித் தராசில் வைத்துவிட்டு "ஒன்றரைக் கிலோ இருக்கிறது" என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு.

அப்படியானால் எடையைப் பார்த்தே கலப்படத்தைக் கண்டுபிடித்துவிடலாமா?

தண்ணீர் கலந்திருந்தால் ஓரளவு முடியும். 100 மில்லி தேன் 142க்குப் பதிலாக 130 கிராம் இருந்தால் சந்தேகப்படலாம்.

சீனிப்பாகு கலந்திருந்தால் முடியாது. கெட்டியாகக் காய்ச்சிய பாகும் தேன் கனமே இருக்கும். ஐந்தில் நாலு பங்கு சீனி இருக்கிற பாகு ஒரு மில்லி 1.41 கிராம், தேனோடு பக்கத்தில் வைத்தால் தராசுக்கு வித்தியாசம் தெரியாது. தண்ணீர் டம்ளரில் விட்டால் நேராக அடியில் போகிறது, காகிதத்தில் ஊறவில்லை, தீக்குச்சி எரிகிறது என்று காட்டுகிற சோதனைகளும் இதே காரணத்தால் பாகிடம் தோற்றுப்போகும். கெட்டியான எந்தச் சர்க்கரைப் பாகும் அந்தச் சோதனையில் பாஸ்தான். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஆய்வகம் ஒன்றே வழி.

நெல்லை வெயிலில் தேன் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. எடை குறைந்துவிடுமா?

எடை குறையாது. சூட்டில் கொஞ்சம் விரியும், அவ்வளவே. சித்திரை மாதத்து அடுப்படியிலும் அந்த வித்தியாசம் நூற்றில் ஒரு பங்கைத் தாண்டாது. ஓட்டம் கூடுவது வேறு, கனம் குறைவது வேறு. ஓடுகிற தேன் கரண்டியில் குமிழாக நிற்காமல் சமமாக நிற்கும் என்பதால் வெயில் நாளில் கரண்டி அளவு இன்னும் சரியாகவே இருக்கும்.

தேன் உறைந்து மணல் மாதிரி ஆகிவிட்டது. இதை எப்படி அளப்பது?

எடை போடுங்கள். உறைந்த தேனைக் கரண்டியில் அமுக்கினால் நடுவே காற்று நிற்கும், அளவு சரியாக வராது. தராசு இல்லையென்றால் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில், கை பொறுக்கிற சூட்டில், உட்கார்த்தி வையுங்கள். இளகிய பிறகு அளங்கள். அடுப்பில் நேராக வைத்துக் கொதிக்க விட்டால் மணம் போய்விடும்.

உறைந்தால் அது சீனி கலந்தது என்று சிலர் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். நல்ல தேனும் உறையும். ரப்பர் தேன் சீக்கிரமே உறைந்துவிடும்.

சீனிக்குப் பதிலாகத் தேன் போட வேண்டும். "முக்கால் பங்கு போடு" என்கிறார்கள். முக்கால் பங்கு எடையா, அளவா?

அளவு. இந்தப் பக்கத்திலேயே இதைத்தான் கவனமாகப் படிக்கச் சொல்வோம்.

ஒரு கப் சீனிக்கு முக்கால் கப் தேன் என்பது கப் கணக்கில் பிறந்த விதி. ஒரு கப் சீனி 200 கிராம். முக்கால் கப் தேன் 255 கிராம். அதாவது எடையில் பார்த்தால் சீனியைவிடத் தேன் கூடுதலாகத்தான் போகிறது. இதைத் தெரியாமல் 200 கிராம் சீனிக்கு முக்கால் பங்கு என்று 150 கிராம் தேனைப் போட்டால் கேக் சப்பென்று இருக்கும். பிறகு பழி தேன் மேல் விழும்.

கணக்கு ஏன் ஒத்துவருகிறது என்றும் பாருங்கள். 255 கிராம் தேனில் தண்ணீர் சுமார் 45 கிராம். அதைக் கழித்தால் மிஞ்சுவது 210 கிராம், சீனியின் 200 கிராமுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அந்த 45 கிராம் தண்ணீர் உங்கள் மாவுக்குள் இலவசமாக வருகிறது. எனவே குறிப்பில் சொன்ன பாலிலோ தண்ணீரிலோ மூன்று மேசைக்கரண்டியைக் குறைத்துவிடுங்கள். குறைக்காமல் விட்டால் நடுப்பகுதி வேகாமல் கொழகொழவென்று இருக்கும்.

ஓவனில் வைப்பது என்றால் இன்னும் இரண்டு திருத்தம். தேன் சீனியைவிடச் சீக்கிரம் சிவக்கும், சூட்டை 15 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். தேனில் இயல்பாகவே புளிப்புத்தன்மை இருக்கிறது என்பதால் முக்கால் கப்புக்குக் கால் தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவாகச் சமையல் சோடா சேர்க்கலாம். குறிப்பில் ஏற்கெனவே சோடா இருந்தால் தேவையில்லை.

முதல் தடவை செய்கிறவர்கள் முழுச் சீனியையும் மாற்ற வேண்டாம். பாதிச் சீனி, பாதித் தேன் என்று தொடங்கினால் கை பழகும்.

கருப்பட்டிக்குப் பதிலாகவும் இதே கணக்கா?

கரைத்துக் குடிக்கிற எதற்கும் சரி. சுக்குக் காப்பி, பாயாசம் மாதிரியானவற்றில் 100 கிராம் கருப்பட்டிக்கு 120 கிராம் தேன், அதாவது 85 மில்லி, போட்டுப் பாருங்கள். இறக்கி ஆறவிட்டுச் சேருங்கள், மணம் நிற்கும். இனிப்பு சரியாக வரும், உடன்குடிக் கருப்பட்டியின் வாசனை வராது.

பாகு காய்ச்சுகிற பலகாரத்துக்கு இது ஒத்துவராது. முந்திரிக்கொத்து, அதிரசம் இரண்டும் பாகு இறுகுவதை நம்பி நிற்பவை. தேன் அப்படி இறுகாது. காய்ச்சினாலும், ஆறிய பின் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும். முந்திரிக்கொத்து உருண்டை உருண்டையாக இருக்காமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும்.

அல்வாவில் தேன்?

வேண்டாம். கோதுமைப் பாலும் சீனியும் நெய்யும் சேர்ந்து அமைந்த பண்டம் அது. அதில் கை வைக்க நமக்கு என்ன அவசரம்.

தேன் மிட்டாய் செய்யத் தேன் எவ்வளவு வேண்டும்?

ஒரு சொட்டும் வேண்டாம். அரிசி உளுந்து மாவைப் பொரித்துச் சீனிப்பாகில் போடுவதுதான் அது.

தினைமாவுக்குத் தேன் எவ்வளவு?

வறுத்து அரைத்த தினைமாவு கால் கிலோவுக்குத் தேன் 125 கிராம், அதாவது ஆறு மேசைக்கரண்டி. உருக்கிய நெய் மூன்று, நான்கு மேசைக்கரண்டி, ஏலக்காய் கொஞ்சம். முருகனுக்குப் படைக்க என்று கேட்டு வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்கிற அளவு இது. தேனை ஒரேயடியாகக் கொட்டாமல் நூறு கிராம் ஊற்றிப் பிசைந்து பாருங்கள். தினையை எவ்வளவு வறுத்தீர்கள், எவ்வளவு நைசாக அரைத்தீர்கள் என்பதைப் பொறுத்து மீதி தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். உருண்டை உடையாமல் நின்றால் நிறுத்திவிடுங்கள். கை வெப்பத்தில் தேன் இன்னும் இளகும் என்பதால், பிசைந்ததைச் சற்று நேரம் வைத்திருந்து பிறகு உருட்டுவது நல்லது.

அரைக் கிலோ நெல்லிக்காயைத் தேனில் ஊறப்போட எத்தனை கிராம் தேன் வாங்க வேண்டும்?

காய் மூழ்க வேண்டும் என்பதுதான் இங்கே நிபந்தனை, ஆகவே மில்லியிலிருந்து தொடங்குங்கள். வேகவைத்துக் கொட்டை நீக்கிய காயை ஜாடியில் போட்டு, மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். அந்தத் தண்ணீரை வடித்து அளந்து பாருங்கள். 300 மில்லி வந்தால் தேன் 426 கிராம் வேண்டும், அரைக் கிலோ பாட்டில் ஒன்று போதும். பிறகு காயையும் ஜாடியையும் ஈரம் போக நன்றாகக் காயவைத்துவிட்டே தேனை ஊற்ற வேண்டும்.

ஊற்றியதும் காய் மேலே மிதக்கும். பயப்பட வேண்டாம், தேனைவிட நெல்லிக்காய் கனம் குறைவு. தினமும் ஒரு முறை குலுக்கிவிடுங்கள். நாளாக ஆக, தேன் காயிலிருந்து நீரை இழுத்துத் தானும் இளகும். காய் சுருங்கித் தேனை உள்ளே வாங்கி மெல்லக் கீழே இறங்கும். அந்த இளகிய தேனுக்கு 1.42 கணக்குச் செல்லாது. நீர் கூடிவிட்டதால் புளிக்கவும் கூடும், ஆகவே குளிர்பெட்டியில் வையுங்கள்.

எண்ணெய், நெய், பாலுக்கும் இதே 1.42 தானா?

ஒவ்வொன்றுக்கும் வேறு. ஒரு மில்லி நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் 0.92 கிராம், உருக்கிய நெய் 0.91, பால் 1.03. சீனியும் தண்ணீரும் சம எடையில் கரைத்த பாகு 1.23, காய்ச்சக் காய்ச்சக் கூடும். ஒரு லிட்டர் நல்லெண்ணெய் ஒரு கிலோவுக்குக் குறைவு, ஒரு லிட்டர் தேன் ஒரு கிலோவுக்கு மேல். இதை மட்டும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

ஒரு கரண்டிச் சீனிக்கு ஒரு கரண்டித் தேன் நல்லதுதானே? டாக்டர் சீனியைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

கரண்டிக்குக் கரண்டி பார்த்தால் தேன்தான் கூடுதல். ஒரு தேக்கரண்டிச் சீனி 4 கிராம், 16 கலோரி. ஒரு தேக்கரண்டித் தேன் 7 கிராம், 21 கலோரி. தேன் விற்கிற நாங்களே சொல்கிறோம்: சர்க்கரை நோய் இருப்பவர்கள் இயற்கை என்ற பெயரைப் பார்த்துத் தாராளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மருத்துவரைக் கேட்டு அளவோடு எடுங்கள்.

பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்க, அதாவது நாக்கில் தேன் தொட்டு வைக்க, எத்தனை சொட்டு?

ஒரு சொட்டும் கூடாது. ஒரு வயது முடியும் வரை தேன் எந்த வடிவிலும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்து பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும், வீட்டுச் சமையல் சூட்டுக்கு அது சாகாது. பெரியவர்கள் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை, மறுத்துவிடுங்கள்.

காலிப் பாட்டில் கொண்டுவந்தால் நிரப்பித் தருவீர்களா? எந்தப் பாட்டில் கொண்டுவருவது?

தருவோம். ஒரு கிலோவுக்கு 750 மில்லி பாட்டில் கச்சிதம். அரைக் கிலோவுக்கு 375 மில்லி போதும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் 700 கிராம் வரை பிடிக்கும், ஆனால் கண்ணாடியாக இருந்தால் நல்லது. கழுவிய பாட்டிலை ஒரு நாள் வெயிலில் கவிழ்த்துக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். அடியில் தண்ணீர் தங்கியிருந்தால் தேன் புளித்துவிடும். மூடியையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். மூடி இல்லாமல் பஸ்ஸில் தேனோடு போவது எப்படி என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.